ஓப்பன் ஸ்பேஸ் கூட்டத்துக்கு முன் தலைமையிடம் கேட்டு வாங்க வேண்டிய எல்லைகள்

"எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம்" என்று ஊழியர்களைக் கூட்டிச் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் கழித்து "இதெல்லாம் நம் கையில் இல்லை" என்று மின்னஞ்சல் அனுப்பும் நிர்வாகம் அடுத்த முறை கூப்பிட்டால், வருகிறவர்கள் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நிறுவனங்களுக்குள் நடக்கும் ஓப்பன் ஸ்பேஸ் கூட்டங்கள் கெட்டுப்போவதற்கு நான் முதலில் சொல்லும் காரணம் இதுதான். எல்லை இருப்பதை ஊழியர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இருந்த எல்லையைத் தங்களிடம் மறைத்தார்கள் என்பதைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.

இந்த முறையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்கரான ஹாரிசன் ஓவன் 1983-இல் 250 பேருக்கான ஒரு மாநாட்டை ஒரு வருடம் உழைத்து ஏற்பாடு செய்தார். வந்தவர்களுக்கு அதில் மிகவும் பிடித்தது காபி இடைவேளைகள். அதனால் 1985-இல் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் நடந்த சந்திப்புக்கு அவர் நிகழ்ச்சி நிரலே தயாரிக்கவில்லை. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். யாருக்கு எதைப் பேச வேண்டுமோ அதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். நேரமும் இடமும் குறித்துக்கொண்டு அவரவர் குழுக்களுக்குப் போனார்கள். இன்றும் முறை அதேதான். வந்தவர்களே சரியானவர்கள், நடந்ததே நடக்கக்கூடியது, தொடங்கிய நேரமே சரியான நேரம், முடிந்தால் முடிந்தது என்று நான்கு கொள்கைகள். இவற்றோடு ‘இரண்டு கால் விதி’ ஒன்றும் உண்டு. ஒரு குழுவில் கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால், எழுந்து வேறு குழுவுக்கு நடந்துவிட வேண்டும்.

விருப்பப்பட்டு வருகிறவர்களின் மாநாட்டுக்கு இவ்வளவு போதும். அலுவலகம் அப்படியல்ல. அங்கே பட்ஜெட் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பக்கத்து நாற்காலியில் அப்ரைசல் எழுதும் மேலாளரும் இருக்கிறார். ஆகவே கூட்டத்தால் மாற்ற முடியாதவை எவை என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும் என்று இந்தத் துறையில் பர்கிட் வில்லியம்ஸ் போன்றோர் வலியுறுத்தினார்கள். வெளியிலிருந்து எந்த எல்லை வைத்தாலும் அது திறந்த கூட்டமே இல்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. நான் முதல் கட்சி. ஆனால் எல்லைகள் மிகச் சிலவாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் உண்மையாக இருக்க வேண்டும். இந்தப் பதிவில் அவற்றை ‘மாறாதவை’ என்றே குறிப்பிடுகிறேன்.

விளக்குவதற்கு ஒரு மாதிரி நிலைமையை எடுத்துக்கொள்வோம். 200 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனை. காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "இன்று வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். நோயாளி கிளம்பும்போது மாலை ஆறு மணி. இடையில் டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாக வேண்டும், மிஞ்சிய மருந்து ஃபார்மசிக்குத் திரும்பிக் கணக்காக வேண்டும், பில் முடிய வேண்டும், காப்பீட்டு ஒப்புதல் வர வேண்டும். ஒரு துறை இன்னொரு துறையைக் கை காட்டும். யாரிடமும் முழு விடை இல்லை, எல்லோரிடமும் ஒரு துண்டு இருக்கிறது. ஓப்பன் ஸ்பேஸ் நன்றாக வேலை செய்வது இப்படிப்பட்ட சிக்கலில்தான். நர்ஸ், பில்லிங், இன்சூரன்ஸ் டெஸ்க், ஃபார்மசி, ஹவுஸ்கீப்பிங், டியூட்டி டாக்டர், கன்சல்டன்ட் என்று 60 பேர், ஒரு நாள்.

அழைப்பு போவதற்கு மூன்று வாரம் முன்பாவது, கூட்டத்தை நடத்தும் ஒருங்கிணைப்பாளரான நீங்கள் தலைமையோடு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். தலைமை என்றால், கூட்டத்தில் எழும் யோசனைக்குச் சரி என்றோ இல்லை என்றோ சொல்லும் அதிகாரம் உள்ளவர். எச்.ஆர். மேலாளர் மட்டும் வந்தால் அந்தச் சந்திப்பைத் தள்ளிப்போடுங்கள். அவர் சொல்லும் எல்லை வேறொருவருடையது, அது எப்போது வேண்டுமானாலும் நகரும். இந்த மருத்துவமனையில் மெடிக்கல் டைரக்டர், நிதிப் பொறுப்பாளர் இருவரும் இருந்தே ஆக வேண்டும்.

முதல் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "இந்த 60 பேரும் ஒருமனதாக ஒன்றைக் கேட்டாலும், எதற்கு நீங்கள் ‘இல்லை’ என்றுதான் சொல்வீர்கள்?" பதில் சுலபமாக வராது. அந்த மௌனத்தை நிரப்ப எதுவும் பேசாமல் காத்திருங்கள். அடுத்து: "இதில் எதையாவது ஏற்கனவே முடிவு செய்துவிட்டீர்களா?" புதிய பில்லிங் மென்பொருளுக்குக் கையெழுத்து போட்டாயிற்று, ஊழியர்களுக்குத் தெரியாது என்றால் இந்த இடத்தில்தான் வெளிவரும். முடிவெடுத்துவிட்ட ஒன்றுக்கு ஆதரவு திரட்டத்தான் கூட்டம் என்பது தெரிந்தால், நடத்த மறுத்துவிடுங்கள். முடிவை நேராக அறிவித்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரு மணி நேரக் கூட்டம் அதைவிட மரியாதையானது. மூன்றாவது கேள்வி பணம் பற்றியது: "உங்களிடம் வந்து கேட்காமல் அவர்களே செலவழிக்கும் தொகை எவ்வளவு?" "நியாயமான செலவு" என்ற பதிலை ஏற்காதீர்கள், எண் வேண்டும். மூன்று லட்சம் ரூபாய் என்றால் மூன்று லட்சம். பூஜ்யம் என்றாலும் சொல்லிவிடலாம். பூஜ்யம் ரூபாயில் செய்யக்கூடிய மாற்றங்கள் நிறைய உண்டு.

இப்படிக் கேட்டால் பதினைந்து இருபது எல்லைகள் மேசைக்கு வரும். பயந்த தலைமை என்றால் முப்பது. ஒவ்வொன்றையும் எடுத்துச் சலிக்க வேண்டும்: இது உண்மையிலேயே மாறாததா? இதை வைத்திருப்பவர் யார்? மீறினால் என்ன நடக்கும்? "நாங்கள் வழக்கமாக இப்படிச் செய்வதில்லை" என்பது எல்லை ஆகாது. "கன்சல்டன்ட்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்" என்பதும் ஆகாது, அது ஊகம். அந்தக் கன்சல்டன்ட்களையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்பதற்கான அறிகுறி அது. மென்பொருளை மாற்ற முடியாது என்பார்கள். ஏன் என்று கேட்டால் விற்பனையாளருடனான ஒப்பந்தம் அடுத்த மார்ச் வரை இருக்கும். அப்படியானால் மாறாதது மென்பொருள் நிறுவனம் மட்டும்தான். அதற்குள் படிவம், வரிசை, யாருக்கு எந்தத் திரை என்பதெல்லாம் மாறக்கூடியவை. பெரிய எல்லையைக் கிளறினால் உள்ளே இருப்பது இப்படிச் சின்னதாகவே இருக்கும்.

சலித்து முடித்தால் இந்த மருத்துவமனைக்கு ஐந்து மிஞ்சலாம். டிஸ்சார்ஜ் செய்வதா என்ற மருத்துவ முடிவு சிகிச்சை தரும் டாக்டருடையது. மென்பொருள் நிறுவனம் மார்ச் வரை மாறாது. மூன்று லட்சத்துக்கு மேல் போகும் செலவு நிர்வாகக் குழுவுக்குப் போகும். நோயாளியின் பெயரோ பதிவு எண்ணோ எந்தத் தாளிலும் வராது. ஐந்தாவது வெளியிலிருந்து வருவது. காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பணமில்லா சிகிச்சையில் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் கோரிக்கை கிடைத்த மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ இந்த அறையில் யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் கோரிக்கை காலை பத்து மணிக்குப் போகிறதா, மதியம் இரண்டுக்குப் போகிறதா என்பது முழுக்க இவர்கள் கையில் இருக்கிறது. நல்ல எல்லையின் குணம் இது. கவனத்தை வேலை செய்யக்கூடிய இடத்துக்குத் திருப்பிவிடும்.

பட்டியல் ஐந்தாறைத் தாண்டி, குறைக்கவும் முடியவில்லை என்றால், ஓப்பன் ஸ்பேஸ் இங்கே பொருந்தாது என்று அர்த்தம். தலைமை கேட்க விரும்பும் மூன்று நான்கு கேள்விகளை வைத்து, வந்தவர்களை மேசைக்கு மேசை சுற்ற விடும் வேர்ல்ட் கஃபே முறை போதும். அதையும் அந்தப் பெயரிலேயே அழையுங்கள்.

இனி முக்கியமான இடம். எல்லையை முடிவுக்கு வையுங்கள், பேச்சுக்கு வைக்காதீர்கள். "சம்பளம் பற்றிப் பேசக் கூடாது" என்று தலைமை சொல்லும். அதை அப்படியே அறிவித்தால் தேநீர் இடைவேளையில் சம்பளம் மட்டுமே பேசப்படும், குழுக்களில் எல்லோரும் உப்புச் சப்பில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதையே இப்படி மாற்றலாம்: "சம்பள உயர்வு ஏப்ரலில் நிர்வாகக் குழுவில் முடிவாகும். இன்று இங்கே முடிவாகாது. பேசினால் பேசியது அப்படியே அறிக்கையில் போகும்." உண்மை அப்படியே இருக்கிறது, யார் வாயையும் அடைக்கவும் இல்லை. தொழிற்சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும் நிறுவனம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சங்கத்தின் மேசையில் இருப்பதை இந்தக் கூட்டம் முடிவு செய்வதாக ஒரு தோற்றம்கூட வரக் கூடாது. சங்க நிர்வாகிகளை அழைப்புக்கு முன்பே சந்தித்து, இந்த எல்லையை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

பேச்சுக்கே வேலி தேவைப்படும் இடங்கள் மிகக் கொஞ்சம். தனி மனிதர் மீதான புகார் முதலாவது. குறிப்பாகப் பாலியல் துன்புறுத்தல் புகார். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அதற்கென உள்ளகக் குழு இருக்க வேண்டும், புகாரின் விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும். அது சுவரில் ஒட்டும் தலைப்பல்ல. ஒட்ட வந்தால் அந்த நபரைத் தனியே அழைத்து, சரியான வாசல் எது என்று உடனே காட்ட வேண்டும். அதற்காகக் குழு உறுப்பினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் உங்கள் பையில் தயாராக இருக்கட்டும். "இரவு ஷிப்டில் பாதுகாப்பு" என்ற பொதுத் தலைப்பு வேறு, அது தாராளமாகச் சுவருக்கு வரலாம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால், வெளியிடப்படாத காலாண்டுக் கணக்கு இரண்டாவது. நோயாளி, வாடிக்கையாளர் விவரங்கள் மூன்றாவது.

மாறாதவை அழைப்பிதழிலேயே இருக்க வேண்டும். கூட்டத்தன்று காலையில் முதல்முறையாகச் சொன்னால், ஏமாற்றி வரவழைத்தார்கள் என்ற எண்ணம் வரும். மைய வினா ஒரே வரியில் வரட்டும்: "டாக்டர் ‘போகலாம்’ என்றதிலிருந்து நோயாளி வாசலைத் தாண்டும் வரை ஆகும் நேரத்தைக் குறைக்க நாம் என்ன செய்யலாம்?" கீழே ஐந்து மாறாதவை, ஒவ்வொன்றுக்கும் அரை வரியில் காரணம். அதற்கும் கீழே, வருவது கட்டாயமில்லை என்ற வாக்கியம். இந்த வாக்கியத்துக்காகத் தலைமையோடு சண்டை போட வேண்டியிருக்கும், போடுங்கள். ஆணையிட்டு வரவழைத்தவரிடம் "உங்கள் இரண்டு காலைப் பயன்படுத்துங்கள்" என்று சொல்ல முடியாது. வராதவர் அன்று தன் வழக்கமான வேலையைப் பார்க்கலாம், அவர் பெயரை யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள் என்று எழுதித் தர வேண்டும். ஓய்வு நாளில் வரும் நர்ஸுக்கு மாற்று விடுப்பு உண்டா என்பதும் அதே தாளில் இருக்கட்டும். வார்டு காலியாக இருக்க முடியாது என்பதால் அன்றைய பணி அட்டவணையை ஒரு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். பாதியில் வார்டுக்குத் திரும்புகிறவர் கூட்டத்தை விட்டுப் போனவராக எண்ணப்படக் கூடாது.

இட ஏற்பாடு பற்றிக் கொஞ்சம். நாற்காலிக்கு 65 சென்டிமீட்டர் என்று வைத்தால் 60 பேரின் ஒற்றை வட்டத்துக்கு விட்டம் பன்னிரண்டரை மீட்டர் வரும். சுற்றி நடக்க இடம் சேர்த்தால் 15 மீட்டர் சதுர அறை வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் உள்ளே 24, வெளியே 36 என்று இரட்டை வட்டம், நடுவுக்கு வர நான்கு பாதைகள் விட்டு. மேசை வேண்டாம், மேடை வேண்டவே வேண்டாம். காலை ஒன்பதரைக்குத் தொடங்கினால் அறிமுகத்துக்கும் தலைப்பு ஒட்டுவதற்கும் ஒன்றரை மணி நேரம், தலா 75 நிமிடம் என்று மூன்று சுற்று, முடிவில் வட்டமாக உட்கார 45 நிமிடம். குழுக்களுக்கு எட்டு இடம் குறித்தால் மூன்று சுற்றுக்கு 24 நேர-இடச் சீட்டுகள். 60 பேருக்கு இது போதும். மாறாதவையைப் பெரிய சார்ட் தாளில் எழுதி, தலைப்புகள் ஒட்டும் சுவருக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தலைப்பு எழுதுகிறவர் கண்ணில் அது படவேண்டும். நாள் அளவும் ஒரு எல்லைதான். ஒரு நாளில் நல்ல உரையாடல் கிடைக்கும். இரண்டு நாளில் ஒழுங்கான அறிக்கையும் சேரும். எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்தி, ஆள் போட்டு முடிக்க இன்னும் அரை நாள் வேண்டும். ஒரு நாள் மட்டும் கொடுத்துவிட்டுச் செயல்திட்டம் கேட்கும் தலைமையிடம் இந்தக் கணக்கை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கூட்டத்தன்று மாறாதவையை வாசிக்க வேண்டியவர் தலைமை, ஒருங்கிணைப்பாளர் அல்ல. ஐந்து நிமிடம், தாளைப் பார்த்து, எதையும் சேர்க்காமல், எதையும் விடாமல். இங்கே அடிக்கடி ஒரு விபத்து நடக்கும். பேச்சு சூட்டில் தலைமை ஆறாவதாக ஒன்றை அப்போதே சேர்ப்பார்: "ஆட்கள் கூடுதலாகக் கேட்காதீர்கள், அது மட்டும் வேண்டாம்." முகங்கள் மூடிக்கொள்வது கண்ணெதிரே தெரியும். அப்போது நீங்கள் வட்டத்துக்குள் போய், எல்லோர் முன்னிலையிலும், பணிவாகக் கேட்கலாம்: "சார், இது எழுதிய ஐந்தோடு சேருகிறதா, அல்லது இது உங்கள் கருத்தா?" பெரும்பாலும் "கருத்துதான்" என்பார். "சேர்க்கிறேன்" என்றால் அதையும் சார்ட்டில் எழுதிவிடுங்கள். எழுதாமல் காற்றில் நிற்கும் எல்லைதான் ஆபத்தானது.

அதற்குப் பிறகு எல்லை வேண்டியது உங்களுக்கு. ஒருங்கிணைப்பாளர் எந்தக் குழுவிலும் உட்காரக் கூடாது, தலைப்புகளை ஒன்று சேர்க்கக் கூடாது, "இது அதே மாதிரி இருக்கிறதே" என்று சொல்லக் கூடாது. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு தலைப்புகளை ஒட்டியவர்கள் சேர விரும்பினால் அவர்களே பேசிக்கொள்வார்கள். பல நேரம் சேர மாட்டார்கள், சேராததற்குக் காரணமும் இருக்கும். எல்லைக்கு வெளியே ஒரு தலைப்பு வந்தால் கிழிக்காதீர்கள். ஒட்டியவரிடம் கேளுங்கள்: "சார்ட்டில் உள்ள இரண்டாவதோடு இது முட்டுகிறது. அதற்கு உட்பட்ட பகுதி இதில் எது?" "மென்பொருளை மாற்ற வேண்டும்" என்ற தாள் அங்கேயே "ஃபார்மசி ரிட்டர்ன் திரையை வார்டிலேயே திறக்க முடியுமா" என்று மாறும். அவர் மாற்ற மறுத்தால் அப்படியே இருக்கட்டும். பேசுவார்கள், அறிக்கையில் வரும், முடிவு மட்டும் இன்று ஆகாது.

இரண்டு கால் விதி அலுவலகத்தில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மூத்த டாக்டர் ஒரு குழுவில் உட்கார்ந்து இருபது நிமிடம் விடாமல் பேசுகிறார். அதே குழுவில் அவருடைய வார்டு நர்ஸ்கள் நான்கு பேர். எழுந்து போகலாம் என்று சுவரில் எழுதியிருந்தாலும் எழ மாட்டார்கள். மறுநாள் அவரோடுதான் ரவுண்ட்ஸ் போக வேண்டும். கூட்டத்தின் தன்னியல்பை நம்பிச் சும்மா இருங்கள் என்று சொல்கிறவர்களோடு நான் இங்கே உடன்படவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் 35-ஆவது நிமிடத்தில் பொதுவாக ஒரு மணி அடித்து, "வேறு குழு பார்க்க நினைப்பவர்கள் நகரலாம்" என்று எல்லோருக்குமாகச் சொல்லிவிடலாம். யாரையும் சுட்டவில்லை, எழ நினைத்தவருக்கு ஒரு சாக்கு கிடைக்கிறது. தலைமையிடமும் துறைத்தலைவர்களிடமும் முன்பே இரண்டு வாக்குறுதி வாங்குங்கள்: முதல் சுற்றில் தலைப்பு வைக்க மாட்டார்கள், மற்றவர் குழுவில் முதல் பதினைந்து நிமிடம் கேட்க மட்டும் செய்வார்கள். அதோடு, அவர்களே ஒருமுறையாவது நடுவில் எழுந்து வேறு குழுவுக்குப் போகட்டும். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கால் எழும்பும்.

குறிப்பு எடுப்பது தலைப்பு வைத்தவர் பொறுப்பு. ஒரு பக்கம் போதும்: தலைப்பு, இருந்தவர்கள், பேசியதன் சாரம், முன்வைத்த யோசனை, அதற்கு யாருடைய அனுமதி வேண்டும். அந்தக் கடைசி வரியை விடாதீர்கள். "யாருடைய அனுமதியும் வேண்டாம்" என்று எத்தனை தாளில் வருகிறது என்று பாருங்கள், கூட்டம் சரியான எல்லைக்குள் நடந்ததா என்பதை அதுவே சொல்லிவிடும். இருந்தவர்கள் பெயரை எழுதுவதா என்பதையும் குழுவே முடிவு செய்யட்டும். விரும்பாத குழுவுக்கு எண்ணிக்கை மட்டும் போதும். குறிப்புகளைத் திருத்தாமல், சுருக்காமல், அன்று மாலையே எல்லோருக்கும் அனுப்புங்கள். தலைமைக்கு மட்டும் முதலில் அனுப்பிவிட்டு இரண்டு நாள் கழித்து மற்றவர்களுக்கு அனுப்பினால், நடுவில் என்ன வெட்டினார்கள் என்ற பேச்சு தொடங்கிவிடும்.

தலைமை பதில் சொல்லும் தேதியும் மாறாதவையோடு சேர்ந்தே அறிவிக்கப்பட வேண்டும். பதினான்கு நாள் போதும். அனுமதி கேட்டு வந்த ஒவ்வொரு யோசனைக்கும் எதிரே சரி, இல்லை, கூடுதல் விவரம் வேண்டும் என்ற மூன்றில் ஒன்று இருக்கட்டும். ‘இல்லை’ என்றால் சார்ட்டில் இருந்த ஐந்தில் எதனால் என்று எண் குறிப்பிட வேண்டும். ஐந்தில் எதிலும் அடங்காத ஒரு ‘இல்லை’ வந்தால், அந்தக் கடிதம் வெளியே போவதற்கு முன் தலைமையிடம் திரும்பிப் போங்கள். கூட்டத்தன்று சொல்லாத எல்லை ஒன்று அங்கே ஒளிந்திருக்கிறது. யோசனையை ஏற்கலாம். இல்லையென்றால் அந்த எல்லையைக் கூட்டத்தன்று சொல்லத் தவறிவிட்டோம் என்று அதே கடிதத்தில் தலைமை கையெழுத்தோடு எழுதி, தலைப்பு வைத்தவரை நேரில் அழைத்துப் பேசலாம்.